ஹூட்சோவா என்றொரு பேர்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையிலேயே வெரோனா வந்துவிட்டாள். பென்சில்வேனியாவின் அந்தப் பழைய எஃகு ஆலை ஊரில் விடாமல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன அண்ணி, புது அடுப்பா? எங்கம்மா பணம் இன்னும் தீரலை போலிருக்கே!"

இரேனா மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பதினோரு கிறிஸ்துமஸாக இதே பாட்டுத்தான்...

"ராத்திரி தேன் வைக்கிறேன்னு என்கிட்ட வந்துடாதீங்க. திருடின கை என் நெத்தியில படவேண்டாம்!"

ஸ்லோவாக் வீடுகளில் அன்றிரவு விருந்துக்கு உட்காருமுன், வீட்டுக்காரி எல்லோர் நெற்றியிலும் தேனால் சிலுவை போடுவாள். வருஷம் முழுவதும் ஒருவருக்கொருவர் இனிப்பாக இருக்கவேண்டும் என்பதற்கு. மாமியார் போன பிறகு அந்தக் கிண்ணம் இரேனாவின் கைக்கு வந்தது. அன்றிலிருந்து வெரோனா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

"வெரோனாவுக்குன்னு பேங்க்ல போட்டு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மாமியார் கண்ணை மூடினாள். எந்த பேங்க் என்று சொல்லவில்லை. விசாரித்த இடமெல்லாம் இல்லை என்றார்கள். வருஷக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவளுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் இரேனா. ஆகவே பணத்தை அள்ளியவளும் அவள்தான் என்று தீர்ப்பாகிவிட்டது! போதாக்குறைக்கு, ஆலை மூடி, புருஷன் மிலான் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில், ஓக் மரப் பெட்டியில் அடக்கம் குறையில்லாமல் நடந்தது. காசு ஏது என்று ஊரே கேட்டது. சொன்னால் பெற்ற தாயை அடக்கம் செய்ய வக்கில்லாதவன் என்று புருஷன் தலை கவிழும். அதனால் இரேனா வாயைத் திறக்கவில்லை.

அந்தப் புருஷன் இப்போதும் மேஜையருகில் காபியைக் கலக்கிக்கொண்டுதான் இருந்தான். வெரோனாவின் பேச்சுகூட இரேனாவுக்குப் பழகிவிட்டது. 'என் பெண்டாட்டி அப்படிப்பட்டவ இல்லை' என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த மனுஷன் சொல்லியிருந்தால்...

"போன வாரம் சர்க்கார் கணக்குலகூடத் தேடிட்டேன்" என்றாள் வெரோனா. "கேட்பாரில்லாத பணத்தையெல்லாம் மாநில கஜானா எடுத்து வச்சுக்குமாம். உரியவங்க கேட்டா குடுத்துடுமாம். அன்னா ஹூடெக்னு போட்டேன், அங்கயும் இல்லை. பின்ன, பூனையா தூக்கிட்டுப் போச்சு?"

மாவில் ஓடிய கை நின்றது.

"என்ன பேரு போட்டே?"

"ஹூடெக். நம்ம வீட்டுப் பேரு! அதுவும் மறந்துபோச்சா?"

"வெரோனா, அத்தை என்னிக்கு ஹூடெக்னு எழுதினாங்க?"

ஸ்லோவாக் பாஷையில் ஆணின் குடும்பப் பேர் பெண்ணுக்கு வரும்போது நடுவில் சுருங்கி, பின்னால் வால் முளைக்கும். ஹூடெக்கின் மனைவி ஹூட்சோவா. இங்கே 'க்' என்று ஒலிக்கிற சி எழுத்து அங்கே 'ட்ஸ்'. இங்கே பிறந்த பிள்ளைகள் அந்த வாலை நறுக்கிவிட்டார்கள். சாகும்வரை நறுக்காதவள் மாமியார் ஒருத்திதான். நடுங்கும் அந்த விரல்களைப் பிடித்து எழுதவைத்த இரேனாவுக்குத் தெரியாதா?

"போனை எடு. ஈ வேண்டாம். டி-க்குப் பக்கத்துலயே சி போடு. கடைசியில ஓவா."

வெரோனா வேண்டா வெறுப்பாகத்தான் தட்டினாள். பிறகு திரையை முகத்துக்கருகே கொண்டுபோனாள்.

"அன்னா ஹூட்சோவா... நம்ம பழைய வீட்டு விலாசம்... ஐயோ! நம்ம ஆளுங்க நடத்தி மூடிட்டுப் போனாங்களே, அந்தச் சேமிப்பு பேங்க்!"

கோட்டோடு அப்படியே நாற்காலியில் சரிந்தாள்.

"அப்போ... அம்மாவோட அடக்கம்? அந்தப் பெட்டி? அதுக்கு எங்கேருந்து அண்ணி..."

"எங்கம்மா போட்டுவிட்ட செம்மணி மாலையை வித்தேன்." இரேனாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "பதினோரு வருஷமா என் கழுத்து வெறுங்கழுத்துதான். பக்கத்துல படுக்கிறவர் கண்ணுலயே படலை... உன் கண்ணுல எப்படிம்மா படும்?"

மிலானின் கரண்டி காபிக் கோப்பையில் விழுந்தது.

"அண்ணி! இந்த நாக்கு அழுகிப் போகட்டும்..." இரேனாவின் மாவுக் கைகளைப் பற்றித் தன் முகத்தில் அறைந்துகொண்டாள் வெரோனா. இரேனா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரும் வெகுநேரம் அழுதார்கள்.

"வாரிசுங்க கையெழுத்துப் போடணுமாம். அண்ணனும் தங்கையுமா போட்டு வாங்குங்க. எல்லாம் உனக்குத்தான், அத்தை சொன்னபடி" என்றாள் இரேனா, அவள் கண்ணைத் துடைத்தபடி.

சாயங்காலம் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் மேஜைக்கு வந்தார்கள். காளான் சூப் ஆவி பறந்தது. இரேனா தேன் கிண்ணத்தோடு எழுந்தாள். வெரோனா கேட்காமலே தலையைத் தாழ்த்தினாள். இரேனா அந்த நெற்றியில் நிதானமாகச் சிலுவை போட்டு, கன்னத்தையும் தடவிவிட்டாள்.

அடுத்து மிலான். நரைத்த தலையைக் குனிந்து அவன் காத்திருந்தான்.

"இரேனா... நான் அன்னிக்கே உனக்காக..."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். கிண்ணத்தை அவன் முன்னால் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்களே வச்சுக்கோங்க" என்றாள்.