மேல யாருமில்ல

ஆம்பூர் பைபாஸிலிருந்து பாலாற்றுப் பக்கம் இறங்கும் மண்பாதையில், பூட்டிக் கிடந்த தோல் கம்பெனி முன்னால் வேன் வந்து நின்றது. மத்தியான வெயில். சென்னையிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மேகலா பொத்தவில்லை. அந்த நாற்றத்தில் சோறு தின்று, அந்த நாற்றத்தோடேயே காலேஜ் பஸ் ஏறி, வீட்டிலேயே முதல் டிகிரி வாங்கியவள் அவள். இப்போது உதவி இயக்குநர்.

பேய் இருக்கும் இடத்தைத் தேடிப் போன பையன்கள் திரும்பவில்லை, அவர்கள் எடுத்த வீடியோ மட்டும் கிடைத்தது. இதுதான் படம். லைட் வேண்டாம், செட் வேண்டாம், கேமரா ஆடினாலும் ஸ்டைல் என்று சொல்லிக்கொள்ளலாம். இயக்குநர் சூரியபிரகாஷுக்கு இந்த இடத்தைக் காட்டியதே மேகலாதான். படம் பார்க்கிறவர்களில் ஒருத்தராவது, இங்கே செத்தவன் எப்படிச் செத்தான் என்று கேட்க மாட்டார்களா என்ற நப்பாசை.

அன்றைய சீனை வேனில்தான் படித்தாள். பாண்டி என்கிற குடிகாரத் தொழிலாளி, போதையில் கழிவுத் தொட்டிக்குள் விழுந்து செத்து, பேயாக அலைகிறான்.

இதே தொட்டியில் நிஜமாகவே செத்த பாண்டியன் அவளுடைய அண்ணன்.

தொட்டியில் ஒருத்தர் இறங்கினால், மேலே ஒருத்தர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டபடியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் "இருக்கேன்" என்பார். பதில் நின்றால் உடனே இழுக்க வேண்டும். விஷவாயு அத்தனை வேகம். அன்றைக்கு மேலே நின்ற ஆளை, லாரியில் வந்த தோலை இறக்கச் சொல்லி மேஸ்திரி கூப்பிட்டுக்கொண்டார். பிணத்தைத் தூக்கிய பிறகு, குடித்துவிட்டு அவனாகவே இறங்கினான் என்று கம்பெனி எழுதியது. பாண்டியன் பாட்டிலைத் தொட்டதே கிடையாது.

"சார், அவன் குடிக்கல. மேல நின்ன ஆள வேற வேலைக்கு கூப்ட்டுக்கிட்டாங்க. அத வைங்க."

"எனக்கு பேய் வேணும் மேகலா. மனு குடுக்கறதுக்கு கலெக்டர் ஆபீஸ் இருக்குல்ல?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சீன் சின்னதுதான். ஆல்வின் என்ற வேலூர்ப் பையன் நெஞ்சில் கேமரா கட்டிக்கொண்டு, காய்ந்து கிடந்த தொட்டிக்குள் இறங்குவான். மேலேயிருந்து தோழி பேயைக் கிண்டலாகக் கூப்பிடுவாள். பதில் வராது. அந்த மௌனம்தான் பயம். தோழியாக நடிக்கும் கதாநாயகி நாற்றம் தாங்காமல் வேனுக்கே போய்விட்டதால், மேகலாவையே கூப்பிடச் சொன்னார் சூரியபிரகாஷ்.

அவள் கயிற்றைப் பிடித்தாள். உள்ளே இருட்டு. சுண்ணாம்பும் அழுகிய முட்டையும் கலந்த வாடை மெல்ல மேலேறி வந்தது.

"பாண்டியா."

"இருக்கேன்."

சூரியபிரகாஷ் எரிச்சலோடு கட் சொன்னார். பதில் பேசாதே என்று ஆல்வினை அதட்டினார்.

"நான் பேசல சார்." ஆல்வின் உள்ளேயிருந்து கத்தினான். "என் முதுகாண்ட ஒருத்தர் நிக்கறாரு. மேல பாத்து அவர்தான் சொல்றாரு. அக்கா, இழுங்கக்கா."

இழுத்தார்கள். வெளியே வந்தவன் முட்டியில் தலையைப் புதைத்து உட்கார்ந்துகொண்டான். அவன் உள்ளேயே கழற்றி எறிந்த கேமரா தொட்டியின் அடியில், மேலே பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

மேகலா விளிம்பில் மண்டியிட்டாள்.

"அண்ணா, குடிச்சிருந்தியா?"

தொட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கூப்ட்டேன் பாப்பா. மேல யாருமில்ல."

வீட்டில் அவளைப் பாப்பா என்றவன் அவன் ஒருத்தன்தான்.

சூரியபிரகாஷுக்கு ஒரே குஷி. ஆடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அந்த வரியை மட்டுமாவது வையுங்கள் என்று எடிட்டிங் ரூம் வரைக்கும் போய்க் கெஞ்சினாள் மேகலா. மூடு கெட்டுவிடும் என்றார் அவர். "இருக்கேன்" மட்டும் தங்கியது. மற்றதை வெட்டிவிட்டு, யாரோ ஒரு டப்பிங் ஆளின் குடிகாரச் சிரிப்பைச் சேர்த்தார்கள். சவுண்ட் பிரமாதம் என்று விமர்சனம் எழுதினார்கள்.

ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை மேட்னி. டிக்கெட் வாங்கியதெல்லாம் தோல் கம்பெனி, ஷூ கம்பெனி ஜனம். மேகலா கடைசி வரிசையில் அம்மா ஜோதியோடு உட்கார்ந்திருந்தாள். தொட்டி சீன் வந்தது. திரையில் அவள் குரல் கூப்பிட்டது. "இருக்கேன்" என்றது தொட்டி. பிறகு அந்தச் சிரிப்பு.

யாரும் விசிலடிக்கவில்லை.

அடியிலிருந்து பார்க்கும் கேமராவில், மேலே சதுரமாக வெளிச்சம். அங்கே முடிய வேண்டிய ஷாட் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. விளிம்பில் ஒரு தலையும் இல்லை. முன்வரிசையில் ஒரு பெண், வேலை செய்கிற இடத்துப் பழக்கத்தில், கூப்பிட்டுவிட்டாள்.

"பாண்டியா."

அடுத்து ஓர் ஆண் குரல். அப்புறம் ஒரு வரிசை. பிறகு தியேட்டரே, விடாமல். ஜோதியும் கூப்பிட்டாள். வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே.

திரையில் சதுரம் பெரிதாகத் தொடங்கியது.

மேகலாவுக்கு அந்தப் படத்தின் ஒவ்வொரு ஷாட்டும் தெரியும். இப்படி ஒரு ஷாட்டை யாரும் எடுக்கவில்லை. யாரோ ஏறுகிறார்கள். மூச்சு இரைக்கிறது. சுண்ணாம்பு அப்பி வெந்த இரண்டு கைகள் விளிம்பைப் பற்றின. திரை முழுக்க வெள்ளை வெளிச்சம்.

கூப்பிடுவது நின்றது. அழுகிய முட்டை வாடை, ஏசி காற்றில் வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது.

முன்வரிசைக்காரர்கள் நகர்ந்து உட்கார்ந்து, நடுவில் ஒரு சீட்டைக் காலியாக விட்டார்கள்.

மடங்கியிருந்த அந்த சீட், மெல்லக் கீழே இறங்கியது.