குடைக்குக் கட்டிய சிவப்பு நாடா

அந்தக் குடையை அவன் கட்டியிருக்கவே வேண்டியதில்லை.

அமெரிக்காவில், ஓஹையோவின் சோளக்காடுகளுக்கு நடுவில், இலை உதிரும் காலத்தில், பழைய ஐரோப்பாவின் ராஜா, ராணி, வீரர் வேஷத்தில் கூடி வார இறுதிகளில் மட்டும் நடத்தும் மறுமலர்ச்சிக் காலத் திருவிழா அது. வருகிறவர்கள் இடுப்பில் வாள் செருகிக்கொண்டு வரலாம். ஆனால் வாசலில் காவலன் அதை உறையோடு சேர்த்துச் சிவப்பு நாடாவால் கட்டிவிடுவான். விளையாட்டுக்குக்கூட யாரும் உருவக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். அந்தக் காவலன் கர்ட் வெண்டல். வார நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். சனி, ஞாயிறுகளில் அவன் பெயர் சர் ஆல்டஸ், அரசியின் வாயிற்காவலன்.

இன்னொரு சட்டமும் உண்டு. விருந்தாளி ஒரே ஒருவர் அருகில் இருந்தாலும், வேலை செய்கிறவர்கள் அந்தக் காலத்துப் பேச்சைத்தான் பேச வேண்டும். மீறினால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். மற்றவர்களுக்கு அது தொல்லை. கர்ட்டுக்கு வரம். கர்ட்டாக இருக்கும்போது பெண்களிடம் அவனுக்கு வாய் திறக்காது... கடையில் பால் எந்தப் பக்கம் என்று கேட்கக்கூட நாக்கு ஒட்டிக்கொள்ளும். சர் ஆல்டஸுக்கு அந்தக் குறை இல்லை.

அன்று அந்த வருஷத்தின் கடைசி ஞாயிறு. வியாழக்கிழமை பிடித்த மழை விடவில்லை. பாதையில் பரப்பிய வைக்கோலைச் சேறு விழுங்கிவிட்டது. குதிரைகள் வழுக்குகின்றன என்று ஈட்டிப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். அப்படியும் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், வெல்வெட் அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி.

அவர்களில் ஒருத்தி மட்டும் வேஷம் போடவில்லை. ஆபீஸுக்குப் போகிற கறுப்பு ஷூ, சாதாரண கோட்டு, கையில் மஞ்சள் குடை. பக்கத்தில் அரசகுமாரி வேஷத்தில் அவள் தங்கை. தங்கை இழுத்து வந்திருக்கிறாள், இவளுக்கு இஷ்டமில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. வாசல் வளைவுக்குள் வந்ததும் குடையை மடக்கி உதறினாள். நிமிர்ந்தாள். சாம்பல் நிறக் கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது.

கர்ட் சும்மா இருந்திருக்கலாம். சர் ஆல்டஸ் இருக்கவில்லை.

"பெருமாட்டி... தங்கள் கரத்தில் உள்ள அப்படைக்கலத்தின் பெயர் யாதோ?"

"குடை."

"கூர்முனை தெரிகிறதே."

"ஆமா. அதிகம் பேசறவங்களைக் குத்தறதுக்கு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் குடையைப் பணிவோடு வாங்கி, நாடாவைச் சுற்றி, முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவள் குடையையும் வெளியே கொட்டும் மழையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கட்டியாச்சு. இப்ப நான் எப்படி விரிக்கிறது?"

ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு அது. மாலையில் எல்லாரும் வீட்டில் அவிழ்த்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று அப்படித்தான் எப்போதும் போடுவான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"இம்முடிச்சை அவிழ்க்கும் வல்லமை இந்நாட்டில் ஒருவருக்கே உண்டு, பெருமாட்டி. அரண்மனைத் தையற்காரி."

தையல் கூடாரம் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது.

தங்கை க்வென் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ போய் அவிழ்த்துட்டு வா டெனீஸ். நான் பாட்டுக் கொட்டகையில இருக்கேன்" என்று நழுவிவிட்டாள். கர்ட் வாசலை இன்னொரு காவலனிடம் ஒப்படைத்துவிட்டு, தன் கம்பளிப் போர்வையை இரண்டு கைகளாலும் தூக்கி அவள் தலைக்கு மேல் கூரையாகப் பிடித்தான்.

அப்படியே நடந்தார்கள். போர்வைக்குள் ஈரக் கம்பளி நாற்றம். அவள் மூக்கை ஒருதரம் சுருக்கினாள். போகப் போகக் கொஞ்சம் பேசினாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலையாம், நாள் முழுக்க அடுத்தவர் கண்களைப் பார்ப்பதுதானாம். போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தேனாகப் பேசிய மாப்பிள்ளை, ஒருநாள் போனில் இரண்டு வரி அனுப்பிவிட்டு விலகிக்கொண்டான். அதிலிருந்து யாராவது அழகாகப் பேசினால் தனக்கு எரிச்சல்தான் வருகிறது என்றாள். முகம் தெரியாதவனிடம் சொல்வது சுலபம் என்பதால் சொல்லியிருக்கலாம்.

பிறகு நின்று, "உங்க நிஜப் பேர் என்ன?" என்று கேட்டாள்.

"ஆல்டஸ், பெருமாட்டி."

"அது தெரியும். நிஜப் பேர்..."

குழந்தைகளோடு ஒரு குடும்பம் எதிரே வந்தது. அவர்கள் கடந்து போன பிறகும் அவன் ஆல்டஸ் என்றே சொன்னான். சட்டம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அவள் முகம் கொஞ்சம் மூடிக்கொண்டது.

அடுத்த அடியில் சேறு அவள் இடது ஷூவைப் பிடுங்கிக்கொண்டது. ஒற்றைக் காலில் தடுமாறி அவன் தோளைப் பிடித்தாள். அவன் மண்டியிட்டு, முழங்கை வரை சேற்றுக்குள் விட்டுத் துழாவி, களிமண் உருண்டை மாதிரி ஒன்றை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினான். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். சத்தமே இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. இந்தச் சிரிப்புக்காக இன்னும் நான்கு ஷூவைக்கூட தோண்டி எடுக்கலாமே என்று கர்ட்டுக்குத் தோன்றியது.

கூடாரத்தில் தையற்காரி மார்ஜ் கிழிந்த கவுன் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். திருவிழாவில் பாதிப் பேர் போட்டிருக்கும் உடை அவள் தைத்ததுதான். டெனீஸ் நீட்டிய குடையை வாங்கினாள். நுனியைப் பிடித்து ஒரு இழு. நாடா அவிழ்ந்து மடியில் விழுந்தது. ஆச்சரியத்தில் மார்ஜுக்குச் சட்டமே மறந்துவிட்டது.

"இதுக்கா கர்ட், இந்தச் சேத்துல அவங்களை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தே?"

டெனீஸ் சேறு வழியும் தன் ஷூவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"பெருமாட்டி, தங்கள் அருகாமை எனும்..."

"வேண்டாம். ஒரே ஒரு பதில், சாதாரணமா சொல்லுங்க. தெரியுமா, தெரியாதா?"

வாயைத் திறந்தான். இப்போது தடுத்தது சட்டம் இல்லை. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஆல்டஸ் அல்ல, கர்ட். கர்ட்டுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவள் கொஞ்சம் காத்திருந்தாள். அதுவும் அவனுக்குத் தெரிந்தது. பிறகு குடையை விரித்துக்கொண்டு, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, மழையில் இறங்கிப் போனாள்.

"ஏம்பா, வாயில என்ன நாடாவா கட்டியிருக்கு?" என்றாள் மார்ஜ்.

மாலையில் திருவிழா முடிந்தது என்று பீரங்கி முழங்கியது. வாசலில் எல்லாரும் கூடி விடைபெறும் பாட்டைப் பாடினார்கள். கர்ட் வாயை அசைத்தான், அவ்வளவுதான். இனித் திருவிழா அடுத்த செப்டம்பரில்தான். அவள் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. தங்கை சிரித்தபடி கூப்பிட்ட பெயர் மட்டும் தெரியும்.

கார்களை நிறுத்தும் இடம் அறுவடையான வயல். சக்கரங்கள் பாதி புதைந்து, டிராக்டருக்காக ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். மார்ஜின் கூடாரத்து வைக்கோலை ஒரு கட்டு தூக்கிக்கொண்டு, ஜீன்ஸும் ரப்பர் பூட்ஸுமாகக் கர்ட் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். வேலிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நீலக் கார் இருந்த இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் மஞ்சள் குடை.

அவன் குனிந்தபடியே சக்கரத்துக்கு அடியில் வைக்கோலைத் திணித்து, பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான். முதல் தரம் அசையவில்லை. இரண்டாம் தரம் சேறு எழும்பி நெற்றியிலிருந்து இடுப்பு வரை அவனுக்கு அபிஷேகம் ஆனது. மூன்றாம் தரம் கார் துள்ளிக் கிளம்பிப் போய்விட்டது.

வெறும் கையோடு நின்றான். சரி, போகட்டும்... இதுவாவது உபயோகமாகச் செய்தோம்.

ஜல்லி ரோட்டில் ஏறியதும் கார் நின்றது. டெனீஸ் இறங்கினாள். இடது காலில் வெறும் ஈர சாக்ஸ்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்று தூரத்திலிருந்தே சொன்னாள். சேற்றுக்கு அடியில் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கையசைப்போடு விட்டிருந்தால் தெரியாமலே போயிருக்கும். அவன் நடந்தான். ரோடு வரைக்கும் நடந்தான்.

"பெரு..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சாம்பல் நிறக் கண்கள் சுருங்கின. "நீங்களா?"

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"முடிச்சு. இழுத்தா வந்துடும்னு தெரியும். முதல்லயே." மூச்சு வாங்கினான். பஸ்ஸை மேட்டில் ஏற்றுவது மாதிரி ஒவ்வொரு சொல்லையும் ஏற்ற வேண்டியிருந்தது. "உங்களோட கொஞ்ச தூரம் நடக்கணும்னு இருந்துச்சு. வேற எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. ஷூ போனதுக்கு... மன்னிச்சுக்கங்க. என் பேரு கர்ட். ஸ்கூல் பஸ் ஓட்டறேன். நல்லா பேசறது எல்லாம் நான் இல்லைங்க, அந்த ஆளு. ஆனா உங்களைப் பிடிச்சது எனக்கு."

காருக்குள்ளிருந்து க்வென், இவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று கத்தினாள். டெனீஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

"இது ஒண்ணும் அழகா இல்ல" என்றாள்.

"இல்லதான்."

"நல்லவேளை."

பின்கதவைத் திறந்து மஞ்சள் குடையை எடுத்தாள். விரிக்கவில்லை. மழை இருவர் மேலும் ஒரே மாதிரி பெய்தது. அவன் ஜீன்ஸ் பையிலிருந்து, வாசலில் மிஞ்சிய நாடாவின் நுனி ஒன்று, ஈரத்தில் இன்னும் சிவந்து, வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை விரலால் காட்டினாள்.

"கட்டுங்க, கர்ட். இந்தத் தடவை இழுத்தா வராத முடிச்சா போடுங்க."

"அப்புறம் எப்படி விரிப்பீங்க?"

"அவிழ்க்க உங்களைத்தானே கூப்பிடணும்" என்றாள் டெனீஸ். "நம்பர் சொல்லுங்க."