ஐந்தாவது பிளக் பாயிண்ட்

கழற்றிய பிளக் பாயிண்ட்டுக்குப் பின்னால் ஒயரே இல்லை. சந்தியா அதைத் திருப்பிப் பார்த்தாள். ஒயர் மாட்டிய தடம்கூட இல்லை; உள் திருகுகள் கடையில் வாங்கியபடியே பளபளத்தன.

பெரிய காஞ்சிபுரத்தில் அந்த வாடகை வீட்டுக்கு அவர்கள் வந்து ஒரு மாதம் ஆகிறது. கட்டியவர் குவைத்தில் இருந்தவர். நம் ஊரில் கிடைக்காத பொருளா என்ன, பட்டைக் கால் பிளக்குக்கான சாக்கெட்டுகளை அங்கிருந்து பெட்டி கட்டிக் கொண்டுவந்து வீடு முழுக்க மாட்டி வைத்திருந்தார். அடாப்டர் போட்டால் கொஞ்ச நேரத்தில் கழன்று விழும். மூன்று வயது தீபிகாவுக்கு இழுப்பு வந்து மருந்துப் புகை வைக்கும்போது மெஷின் பாதியில் நின்றுவிடும். போன வாரம் அப்படி நின்றபோது பிள்ளையின் உதடு நீலம் பாரித்ததைச் சந்தியா பார்த்தாள். அதற்குப் பிறகு எலக்ட்ரீஷியனுக்காகக் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. ஐ.டி.ஐ.யில் வயரிங் படித்தவள்தானே. மாதாந்திர மின்தடை நாளாகப் பார்த்து, மெயினையும் இறக்கிவிட்டு, ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்துவிட்டாள். கணவன் வேல்முருகன் ஒரகடத்தில் பகல் ஷிப்டுக்குப் போயிருந்தான்.

மதியத்துக்குள் நான்கை மாற்றியாயிற்று. இது ஐந்தாவது, படுக்கையறையில், தீபிகாவின் பாய்க்குத் தலைமாட்டில். ஃபேன் ஓடாத வீட்டில் பக்கத்து வீட்டுக் கைத்தறிச் சத்தம்தான் துணை. டொக்… டொக்… காலையிலிருந்து ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே பிள்ளை தூங்கிப்போயிருந்தாள்.

ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. அதிலிருந்து சில்லென்று காற்று வந்தது. சாயத்தொட்டியில் பல நாள் ஊறிய பட்டின் வாடை அதில் இருந்தது. மொபைல் டார்ச்சை அடித்தாள். வெளிச்சம் எதிலும் படவில்லை. ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டாள். ஒன்பது அங்குலச் சுவர். ஒரு அடி ஸ்குரூடிரைவர் கைப்பிடி வரை போயும் எதிலும் முட்டவில்லை.

எலி வளையாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். வெறும் ஓட்டையாக விடுவதைவிட மூடிவிடுவது நல்லது என்று புது சாக்கெட்டை அதன்மேல் வைத்து முடுக்கினாள். பழையதன் துளைகளுக்குள் வெள்ளை பிளாஸ்டிக் மூடிகள் இருந்தன. பிளக் செருகினால்தான் திறக்கும். இதில் அதெல்லாம் கிடையாது. மூன்று உருண்டைத் துளைகள், திறந்தபடியே. பிள்ளை விரலை விட்டுவிடப் போகிறாளே என்று, டேப் தேடிச் சமையலறைக்குப் போனாள்.

அப்போதுதான் வாசல் கேட்டைத் தட்டும் சத்தம். பக்கத்து வீட்டுப் பூவம்மாள் கோபமாக நின்றிருந்தாள்.

“இன்னாமா சந்தியா, காலைலேர்ந்து செவுத்துல இன்னா தட்டிக்கினே இருக்கிற? எங்க வூட்ல சாமி படமெல்லாம் ஆடுது.”

“நான் எங்கக்கா தட்டுறேன்? வெறும் ஸ்குரூதான் முடுக்கிக்கினு இருக்கிறேன். உங்க தறி சத்தந்தான் இங்க கேக்குது.”

பூவம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“இன்னிக்கி அமாவாசைமா. இந்தத் தெருவுல எவன் தறியில உக்காருவான்?”

சந்தியா கேட்டுக்கு வெளியே வந்தாள். தெருவைப் பார்த்தாள். நல்ல வெயில். ஒரு வீட்டிலும் தறி ஓடவில்லை. அவளுக்குத் தெரியாத விஷயமா? அமாவாசைக்கு விடுமுறை என்று தெரிந்தும், காலையிலிருந்து அது தறி என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

டொக்.

இரண்டு பேருக்கும் கேட்டது. பூவம்மாளின் முகம் வெளுத்தது.

“கொயந்த எங்கமா?”

சந்தியா ஓடினாள். கூடத்தைத் தாண்டும்போது, புதிதாக மாட்டிய சாக்கெட்டிலிருந்து அதே சில்லென்ற காற்று காலில் பட்டது. நிற்கவில்லை. படுக்கையறை. அறை காலி.

இல்லை. காலி இல்லை. தீபிகா சுவரோரமாக, பாயை விட்டு வெளியே கிடந்தாள். கண் மூடியிருந்தது. உதட்டில் சிரிப்பு.

“அம்மா,” என்றாள் தூக்கக் கலக்கத்தில். “தல வாரி வுடுறாங்க.”

அவிழ்ந்து கிடந்த அவள் கூந்தல் மூன்றாகப் பிரிந்திருந்தது. மூன்றும் மூன்று துளைகளுக்குள் போயிருந்தன. விறைப்பாக. ஒரு மயிரிழைகூடத் தொய்யாமல்.

டொக்.

முடி ஒரு விரற்கடை உள்ளே போனது. பிள்ளையின் தலை தரையில் உரசிக்கொண்டு சுவர் பக்கம் நகர்ந்தது.

சந்தியா பாய்ந்து இரண்டு கையாலும் முடியைப் பிடித்தாள். இழுத்தாள். வரவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு அவசரமே இல்லை.

டொக்.

தீபிகாவின் நெற்றி சாக்கெட்டில் ஒட்டியது.

இப்போது சத்தம் ஐந்து சாக்கெட்டிலிருந்தும் வந்தது.