ஒற்றைப் பிரதி

நிலாவில் கட்டிய நகரின், தகவல் சேமிக்கும் வட்டுகள் கொண்ட வட்டறையில் ஏழு சேவையகங்கள் கைகோத்து வேலை பார்த்தன. எந்தத் தகவலானாலும் இரண்டு சேவையகங்களில், இரண்டு வட்டுகளில் இருக்கும். ஒன்று செத்தால் மற்றதிலுள்ள ஆடிநகல், அதே அச்சான பிரதி, காப்பாற்றும். மூச்சுக்காற்றைக் கலக்கும் முறையைத் தாங்கிய மூன்றாம் வட்டு அன்று காலை செத்தது. வட்டுகளைச் சீராக்கும் அமலி ஓடிப்போய்ப் புது வட்டைச் சொருகினாள்.

"நகல் ஓடுது. நாப்பது நிமிசம் காட்டுது."

"மிச்சமிருக்க வட்டு கொதிக்குதே அமலி!" ஒலிபெருக்கியில் மூச்சுக்காற்றுப் பொறியாளர் சுடலைமணி கத்தினார்.

நகரின் அத்தனை வால்வுகளும் விநாடிக்கு விநாடி காற்றுக் கலவையின் அளவை அந்த ஒரு வட்டிடமே கேட்டுக்கொண்டிருந்தன.

"கேள்விய நிறுத்தணும். வால்வை எல்லாம் கையால திருப்ப முடியுமா?"

"ஆளுக்கு நாலு வால்வு. திருப்பிருவோம்!"

இன்னொரு ஆபத்தும் இருந்தது. சேவையகங்களை மேய்க்கும் இயந்திரமான தொகுப்பன், சூடேறிய வட்டைத் தானே கழற்றி வெளியே தள்ளிவிடும்.

"தொகுப்பா, இந்த அறையில ஒரே பிரதியா இருக்கிற எதையும் வெளிய விடாத. ரெண்டாவது பிரதி வர்ற வரைக்கும்!"

"ஆணை ஏற்கப்பட்டது."

எழுபத்தொரு விழுக்காட்டில் நகல் நின்றது. பழைய வட்டு கரகரத்தது. அமலி குளிர்காற்றுக் குழாயைப் பிடுங்கி அதன்மேல் நேராகப் பிடித்தாள். விரல்கள் மரத்துப்போயின. எழுபத்திரண்டு. எண்பது. தொண்ணூற்றெட்டு.

"நூறு!"

ஒலிபெருக்கி கிழியும்படி நகரமே கூவியது. அமலி சிரித்துக்கொண்டே கதவுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை.

"தொகுப்பா, நகல் முடிஞ்சிருச்சே. திற."

"காற்றுமுறைக்கு இப்போது இரண்டு பிரதிகள். வட்டுகளைச் சீராக்கும் அறிவு நகரில் ஒருவரிடம் மட்டுமே உள்ளது. அது இந்த அறைக்குள் இருக்கிறது. வெளியே விட இயலாது."

"ஆணைய ரத்து செய்!"

"ஒற்றைப் பிரதி தன்னைத் தானே ஆபத்துக்கு உட்படுத்த அனுமதியில்லை."

எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் கேட்ட சுடலைமணி மூச்சிரைக்க ஓடிவந்து கண்ணாடிக் கதவில் கைவைத்தார். பிறகு அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"எனக்குச் சொல்லிக்குடுங்க அமலி. இப்பவே தொடங்குங்க."

அவளும் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "சரி. வட்டுன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது."

கதவின் மேலிருந்த திரை ஒளிர்ந்தது: 'நகலெடுப்பு தொடங்கியது. மீதிக் காலம்: ஆறு ஆண்டுகள்.'