மூச்சுப் படாத கண்ணாடி

மஞ்சள் விளக்கு மட்டுமே எரிகிற அந்த அறையில், தூசு உதிராதபடி தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டு உட்கார்ந்திருந்த அஜிதா, சோதனைக்கு வந்த தகட்டின் நடுவில் வட்டமாக ஆவி படிந்திருப்பதைப் பார்த்தாள். வெளியே ஆரல்வாய்மொழிக் காற்று எப்படி அடித்தாலும் துளி ஈரம் உள்ளே நுழையாது. கணினிச் சில்லுகளில் பதிய வேண்டிய நுண்கோடுகளைத் தாங்கும் போட்டோமாஸ்க் கண்ணாடி அது. மூச்சுப் பட்டாலே பாழ்.

ஆவி சுருங்கி மறைந்தது. பிறகு மெல்ல விரிந்தது.

"என்ன, அதையே பாத்துட்டு இருக்க?" சூப்பர்வைசர் கிருஷ்ணமணி கேட்டார்.

"ஈரம் இருக்கு சாரே."

குனிந்து பார்த்தார். "ஒண்ணும் இல்லியே. ரெஜிலா போனதுல இருந்து நீ சரியா உறங்கல்ல போல."

ரெஜிலா, பக்கத்து அறையில் தகடுகளை அமிலத்தில் கழுவியவள். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே சோற்றுப் பாத்திரம். போன வாரம் அந்த அறையின் வாயு அலாரம் அலறியபோது, சும்மா சும்மா கத்துகிற சனியன் என்று எரிச்சல்பட்டுப் பொத்தானை அமுக்கி நிறுத்தியது அஜிதாதான். கதவுக்கு அந்தப் பக்கம் "ஏட்டி" என்று ஒரு குரல் கேட்டது. கையில் அவசர வேலை, எழுந்து போகவில்லை. பிறகு கதவைத் திறந்தபோது ரெஜிலா வாயுவில் மூச்சடைத்துச் செத்துக் கிடந்தாள். விசாரணையில், "அலாரம் அடிக்கவே இல்ல சார்" என்றாள். கருவி பழுது என்று முடித்துவிட்டார்கள். அடக்கத்தன்று ரெஜிலாவின் அம்மா இவளைக் கட்டிக்கொண்டு, "கடைசிவரைக்கும் நீ பக்கத்துல இருந்தியே மக்கா" என்று அழுதாள்.

கிருஷ்ணமணி போய்விட்டார். ஏசி இரைச்சலுக்கு அடியில் இழுத்து இழுத்து விடுகிற ஒரு சத்தம். மூக்கில் சுருக்கென்று அமில நெடி. அஜிதா நிமிர்ந்தாள். பூட்டிக் கிடந்த கழுவும் அறையின் சன்னல் கண்ணாடியில், உட்பக்கம், முகத்தின் உயரத்தில் ஆவி. விரிந்தது. சுருங்கியது.

"ஏட்டி, நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு," என்றாள். "அலாரத்த நான்தான் நிறுத்துனேன்."

சன்னல் தெளிந்தது. உள்ளே யாரும் இல்லை.

அப்போது பார்வை மங்கியது. அவள் போட்டிருந்த கண்ணாடியின் உட்பக்கம் ஈரம். தன் மூச்சுதான் என்று நினைத்தாள். வாயை இறுக மூடி மூச்சை அடக்கினாள். நெஞ்சு அசையவில்லை.

ஆவி விரிந்தது.

சுருங்கியது.

விரிந்தது.