மூன்று இருபதுக்கு ஒரு பாட்டு

"போன்ல நீங்க ஏத்துற பாட்டு, ஒரு வயரும் சொருகாம லேப்டாப்புக்குள்ள எப்படிங்க வந்து உக்காருது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரஞ்சிதா இப்படிக் கேட்டாள். ராஜேஷ்குமார் தரையில் சம்மணம் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"நான் படியேறி வாசலுக்கு வந்தாலே நம்ம வைஃபை போனைப் புடிச்சுக்கிடும். புதுசா என்ன இருக்கோ, அதைத் தூக்கி கிளவுடுக்கு அனுப்பும். கிளவுடு லேப்டாப்புக்கு அனுப்பும். இதுக்குப் பேருதான் சிங்க்."

"கம்பெனியில இருந்தே அனுப்பலாம்லா?"

"அங்க கேட்டுலயே போனைப் புடுங்கி லாக்கர்ல வச்சிருதான். அதான், நம்ம வீட்டு வைஃபைல மட்டும்தான் போகணும்னு செட் பண்ணி வச்சிருக்கேன்."

"அப்ப நீங்க வந்தது எனக்குத் தெரியலன்னாலும் அதுக்குத் தெரிஞ்சிரும்."

"நீதான் இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டியே. அது பரவால்ல, நான் வந்ததும் பச்சை லைட்டைப் போட்டுக் கண்ணு முழிக்குது." வெங்காயம் கண்ணைக் கரிக்கச் சிரித்தான். "பொண்டாட்டிக்குப் பதிலா மோடத்தைக் கட்டியிருக்கலாம் போல."

அவள் கரண்டியால் அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

அந்த ராஜேஷ்குமார் இறந்து எட்டு மாதம் ஆகிறது. சூளகிரியில் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நெடுஞ்சாலையைக் கடந்தபோது ஒரு லாரி வந்தது.

இருவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூர் வந்தவர்கள். பாகலூர் ரோட்டில் ஒரு மாடி வீடு. அவனுக்கு ஒரு கம்பெனி, அவளுக்கு வேறு கம்பெனி. இரண்டிலும் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். அவனுக்குக் காலை ஷிஃப்ட் விழும் வாரம் அவளுக்கு இரவு. அவனுக்கு மதியம் என்றால் அவளுக்குக் காலை. எப்படி மாறி மாறி வந்தாலும் அவன் வீடு திரும்பும் நேரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். கல்யாணமான மூன்று வருடத்தில் அவர்கள் சேர்ந்து சாப்பிட்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

மற்ற ஆறு நாட்களுக்கும் பாட்டு இருந்தது.

நாலாயிரத்துச் சொச்சம் பாட்டு. எதற்கும் அவன் படத்தின் பெயரோ பாடியவர் பெயரோ வைக்கவில்லை. எங்கே, எப்போது கேட்டானோ அதுதான் பெயர். 'ராயக்கோட்டை தக்காளி மண்டி, மழை.' 'சூளகிரி பஸ், கடைசி சீட்டு.' 'ரஞ்சி சாம்பார் கருகினப்போ பாடினது.' ஊரில் கோயில் கொடைக்கு அடித்த நையாண்டி மேளத்தைக்கூடப் போனில் பதிந்து வைத்திருந்தான். அவள் எழுந்ததும் லேப்டாப்பைத் திறந்து, அன்றைக்குப் புதிதாக வந்த பெயர்களைப் படிப்பாள். அதுதான் அவன் அவளிடம் பேசுவது.

அவன் போன பிறகு அவள் அந்த லேப்டாப்பைத் திறக்கவில்லை. அணைக்கவும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில், மோடத்துக்கு அருகில், மூடியபடி சார்ஜில் கிடந்தது. அதற்குள் ஒரு சின்ன விசிறி ஓடும் சத்தம் இருபத்துநாலு மணி நேரமும் கேட்கும். வீட்டில் அவளைத் தவிர மூச்சுவிடுவது அது ஒன்றுதான் என்று தோன்றும்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவள் அதைத் திறந்தாள். சனிக்கிழமை வீட்டைக் காலி செய்வதாக முடிவாகியிருந்தது. கூட வேலை பார்க்கும் அனிதாவின் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. லேப்டாப் பழையது, எந்த நாளும் நின்றுவிடலாம். பாட்டு மொத்தத்தையும் தன் போனுக்கு மாற்றிவிட்டால் கம்பெனி பஸ்ஸில் காதில் மாட்டிக்கொள்ளலாம். அவனிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது அது மட்டும்தான்.

"அக்கா, அந்த ஆப்புல டிவைஸுன்னு இருக்கும் பாரு, அதை அமுத்து," என்றாள் அனிதா போனில். பின்னால் பஸ் இரைந்தது.

"அமுத்தியாச்சு. என் போனைச் சேர்க்க மாட்டேங்குது அனிதா. இடம் இல்லைங்குது."

"ஃப்ரீ அக்கவுண்ட்டுல ரெண்டு மெஷினுதான்க்கா ஏத்துக்கும். என்னென்ன காட்டுது?"

"லேப்டாப்பு. அப்புறம் ராஜேஷ் போன்."



"லேப்டாப்பை எடுத்தா பாட்டு மொத்தமும் போயிரும். அண்ணன் போனைத்தான்க்கா நீக்கணும்." பிறகு மெதுவாகச் சொன்னாள், "நீக்குக்கா. எத்தினி நாளைக்கு இப்பிடியே?"

"செய்யறேன்," என்று ரஞ்சிதா போனை வைத்தாள்.

'ராஜேஷ் போன்' என்ற பெயருக்கு எதிரே 'நீக்கு' என்று ஒரு சின்ன சிவப்புக் கட்டம். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

கடைசி சிங்க்: இன்று, பிற்பகல் 3.20.

ஏதோ தவறு என்று நினைத்தாள். அந்தப் போன் கண்ணாடி நொறுங்கி, ஒரு பிளாஸ்டிக் கவரில் இரண்டு துண்டாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அவள் மாமியார் பேச்சியம்மாள்தான் "எப்பவும் அவன் கையில இருந்தது, அவங்கூடவே போகட்டும்" என்று அஸ்தியோடு சேர்த்துத் தாமிரபரணியில் போட்டாள். ரஞ்சிதா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

அந்த வரியைத் தொட்டாள். பட்டியல் விரிந்தது.

திங்கள், 3.20. போன வாரம் முழுக்க இரவு 11.20. அதற்கு முந்தின வாரம் காலை 7.20.

காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவனை இறக்கிவிட்டால், வீட்டுக்கு வரும் நேரம் மூன்று இருபது. மதிய ஷிஃப்ட் என்றால் பதினொன்று இருபது. இரவு ஷிஃப்ட் என்றால் ஏழு இருபது. பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. எட்டு மாதம். ஷிஃப்ட் சுழற்சி ஒருமுறைகூட மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எதிரே மட்டும் எதுவும் இல்லை.

வார விடுமுறை.

வீட்டு வைஃபை இருந்தால் மட்டுமே சிங்க் ஆகும். அப்படித்தான் அவன் செட் பண்ணி வைத்திருந்தான்.

அந்தப் போன் இந்த வீட்டுக்குள் வந்திருந்தால்தான் அந்த நேரம் பதியும்.

பாட்டு இருந்த இடத்துக்குப் போனாள். புதிதாக ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒரே பெயர், எண் மட்டும் மாறி மாறி. 'ரஞ்சி தூங்கிட்டிருக்கா 1.' 'ரஞ்சி தூங்கிட்டிருக்கா 2.' கடைசியில் இருந்தது 197.

அதைத் தொட்டாள்.

பாட்டு இல்லை. மின்விசிறி சுற்றும் சத்தம். தெருவில் தூரத்தில் யாரோ கன்னடத்தில் காய்கறி விற்கும் குரல். அதற்கு மேல், மிக அருகில், ஒரு மூச்சு. நீளமாக இழுத்து, சின்னதாக ஒரு விசில் சத்தத்தோடு வெளியே விடும் மூச்சு. வலது மூக்கு அடைத்திருப்பவள் தூங்கும்போது வரும் மூச்சு.

அவளுக்கு மூன்று நாட்களாகச் சளி.

லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

அன்று இரவு வேலைக்குக் கிளம்பியபோது, கீழ்வீட்டுக்காரி சரோஜம்மாள் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டின் சொந்தக்காரி அவள்தான்.

"ஏம்மா ரஞ்சிதா, காலி பண்ணப் போறியாமே? கேக்கணும்னே இருந்தேன். தெனம் நீ தூங்கற நேரத்துல உன் வீட்டுக்கு வர்றது யாரு, உன் அண்ணனா?"

"யாரும் வரலையேம்மா."

"என்னம்மா, செருப்பு கழட்டுற சத்தம் நல்லாக் கேக்குதே. ஒண்ணைக் கழட்டிட்டு, கொஞ்சம் நின்னுட்டு இன்னொண்ணைக் கழட்டுவாரு. எட்டிப் பாத்தா ஆளைக் காணோம்." நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நல்ல மனுஷன்தான். தூங்கறவங்களை எழுப்பிடக் கூடாதுன்னு அவ்ளோ மெதுவா நடக்கறாரு."

ரஞ்சிதா பஸ்ஸுக்கு நடந்தாள். அன்றைய வேலை எப்படிப் போனதென்று அவளுக்கு நினைவில்லை. காலையில் திரும்பும்போது அனிதா தோளைத் தட்டி, "நீக்கிட்டியாக்கா?" என்றாள். "இன்னைக்கு," என்றாள் ரஞ்சிதா.

புதன்கிழமை அவள் தூங்கவில்லை.

பகலில் தூங்குகிறவர்கள் செய்வதுபோல் ஜன்னலில் கறுப்புப் போர்வையை ஆணியடித்து மாட்டியிருந்தாள். வெளியே வெயில் கொளுத்தினாலும் அறைக்குள் கிணற்று இருட்டு. லேப்டாப்பைத் திறந்து கட்டில் மேலேயே வைத்துக்கொண்டாள். சிவப்புக் கட்டத்தை அமுக்கியிருந்தாள். இனி இந்தப் போன் இணைய முடியாது, அதிலிருந்து புதிதாக எதுவும் ஏறாது, நிச்சயமா என்று திரை கேட்டது. ஆம் என்ற எழுத்தின் மேல் அம்புக்குறி நின்றது. மவுஸ் அவள் கைக்குள். ஒரு விரலை அழுத்தினால் போதும். பாட்டு அவளோடு வரும். வேறு எதுவும் வராது.

மூன்று மணி. மூன்று பத்து. விரல் அழுத்தவில்லை.

கதவுக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்தாள். தெருமுனையில் ஒரு பஸ் நின்று கிளம்பியது. படிகளில் ஒரு சத்தமும் இல்லை.

மோடத்தில் பச்சை விளக்கு துடித்தது.

வாசலில் ஒரு செருப்பு தரையைத் தொட்டது.

பிறகு, இன்னொன்று.

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு திறந்த காற்றும் வரவில்லை. ஆனால் வாடை வந்தது. மெஷினில் ஊற்றும் கூலன்ட் எண்ணெயின் வாடை, அதைப் போக்கக் கம்பெனியில் தேய்த்துக் கழுவும் மலிவு சோப்பின் வாடை. அந்த இரண்டும் கலந்த வாடையை அவள் எட்டு மாதமாக அவன் சட்டைகளில் தேடித் தேடித் தீர்த்திருந்தாள்.

கட்டிலின் ஓரம் மெல்ல அமுங்கியது.

ரஞ்சிதா கண்ணை மூடி, தூங்குகிறவளைப் போல மூச்சுவிட்டாள். அதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. அவன் உயிரோடு இருந்தபோதும் எத்தனையோ நாள் விழித்தேதான் கிடந்தாள். ஒருமுறை புரண்டு படுத்ததற்கு, "எழுப்பிட்டேனா? அய்யோ, உனக்கு வேலைக்குப் போகணுமே" என்று பதறிவிட்டான். மறுநாளிலிருந்து இன்னும் மெதுவாக நடந்தான். அவனிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வரும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கும்போது, இதைப் போய்க் கேட்பதா என்று வெட்கமாகிவிடும். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று விட்டுவிடுவாள். மூன்று வருடம் விட்டாள்.

கண்ணை இமையளவு திறந்தாள்.

திரையின் ஓரத்தில் ஒரு நீலக்கோடு நகர்ந்துகொண்டிருந்தது. புதிதாக ஒன்று வருகிறது. அதன் பெயர் தெரிந்தது.

'ரஞ்சி தூங்கிட்டிருக்கா 198.'

நீலக்கோடு நின்றது.

பெயரின் கடைசி எழுத்து அழிந்தது. அதற்கு முந்தின எழுத்தும். யாரோ நிதானமாக, ஒவ்வொன்றாக அழித்தார்கள். பிறகு எழுதினார்கள்.

'ரஞ்சி முழிச்சிருக்கா.'

அவள் மூச்சு நின்றது. கழுத்தின் பின்புறம், முடி தொடங்கும் இடத்தில், குளிர்ச்சியாக எதுவோ நெருங்கி நின்றது. தொடவில்லை. திரும்பினால் என்ன இருக்கும்? லாரி போன பிறகு ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காட்டாமல் மூடி வைத்த அந்த முகம் இருக்குமா? விரல் மவுஸை அழுத்தத் துடித்தது. ஆம் என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

அப்போது கட்டிலின் ஓரம் மேலே எழும்பியது.

அவன் எழுந்துவிட்டான்.

வாடை பின்வாங்கியது. எழுப்பிவிட்டோமே என்று பதறிய காலடிகள், மெதுவாக, மிக மெதுவாக, கதவை நோக்கிப் போயின. திரையில் 'ராஜேஷ் போன்' என்ற பெயர் வெளிறிக்கொண்டே வந்தது. வாசலில் ஒரு செருப்பு இழுபட்டது.

இன்னொரு செருப்பின் சத்தம் கேட்டால் முடிந்தது.

ரஞ்சிதா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். திரும்பிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

"ஏங்க," என்றாள் இருட்டுக்குள்.

காலடி நின்றது.

"இனிமே வந்தா என்னை எழுப்புங்க."