கடத்தப்பட்ட பிரியாணிக் கடை!

செல்போன் அலறியது.

மெர்சி எடுத்தாள். மறுமுனையில் அதைவிடப் பெரிய அலறல்!

“பேட்டி... மவளே மெர்சி... ஓடி வா! என் கடைக்கு சீல் வைக்க வந்துட்டாங்க! நான் ஒரு ஆளைக் கொல்லப் பாத்தேனாம்!”

குரல் ஷஹீன் பானுவுடையது.

மெர்சி செருப்பை மாட்டக்கூட நிற்கவில்லை. மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள்.

ஆம்பூர் பஜாரில், ஷூ சோல் விற்கும் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. அதுதான் அவள் ஆபீஸ். ஊரில் இருக்கிற கடைகளை செல்போன் மேப்பில் ஏற்றி வைப்பது அவள் பிழைப்பு. கடை எங்கே இருக்கிறது, எப்போது திறக்கும், போன் நம்பர் என்ன, யார் திட்டி எழுதினார்கள், யார் பாராட்டி எழுதினார்கள்... எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துக்கொள்வாள். பெங்களூர் போகிற காரில் ஒருத்தன் ‘ஆம்பூர் பிரியாணி’ என்று போனில் தட்டினால், சந்துக்குள் இருக்கிற ஷஹீன் பானு கடை முதலில் வந்து நிற்கும். அது மெர்சியின் கைவேலை.

புருஷன் போன பிறகு தனியாளாக அடுப்பு மூட்டி, அந்தக் கடையை வளர்த்தவள் ஷஹீன் பானு. அந்தக் கடை போனால் அவளும் போனாள்!

ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் கூட்டம் பிதுங்கியது.

நடுவில், கையில் பூட்டும் அரக்குமாக ஒரு பெண்மணி. உணவுப் பாதுகாப்பு அலுவலர் அமிர்தவள்ளி. திருப்பத்தூர் ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். சிரிப்பு என்பதை எங்கோ பழைய ஊரிலேயே விட்டுவிட்டு வந்த முகம்.

அவர் எதிரே... பாதி இறக்கிய ஷட்டருக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றாள் ஷஹீன் பானு.

“நகருங்கம்மா!”

“நகர மாட்டேன்!”

“உங்க கடை பிரியாணி சாப்ட்ட ஆள் வேலூர் ஆஸ்பத்திரியில ஐசியூல கெடக்கறாரு. தெரியுமா?”

“எந்த ஆளு? எப்போ வந்தாரு? நேத்து எனக்கு வியாபாரமே கெடையாது மேடம்! ஒரு வாரமா வெளியூர் வண்டி ஒண்ணுகூட சந்துக்குள்ள திரும்பல. சோத்தைப் பள்ளிவாசலுக்குக் குடுத்து அனுப்பிச்சேன்!”

“அவரு சம்சாரம் தெளிவா சொல்றாங்க. ஷஹீன் பிரியாணி, ஆம்பூர். வேற ஷஹீன் பிரியாணி இங்க இருக்கா?”

“ஒரே ஷஹீன்தான். அதுவும் இன்னும் உசுரோட நிக்கறேன். சீல் வைக்கணும்னா என்னையும் சேத்து வச்சிட்டுப் போங்க!”

மெர்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தாள்.

“மேடம்... ஒரு நிமிஷம்!”

“நீ யாரு? வக்கீலா?”

“இல்ல மேடம். மேப்காரி.”

“இன்னாது?”

“அத அப்புறம் சொல்றேன். அந்தம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். போன் போட்டுக் குடுங்க. அதுக்கப்புறம் நீங்க சீல் வச்சா நானே விளக்கு புடிக்கறேன்.”

அமிர்தவள்ளி முறைத்தார். என்ன தோன்றியதோ... போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

மறுமுனையில் நோயாளியின் மனைவி நந்தினி. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. பாவம்!

அக்கா என்ற அர்த்தத்தில் ஊரே ‘ஆபா’ என்று அழைக்கும் ஷஹீன் பானுவைப் பார்த்து மெர்சி கண் காட்டினாள். “கேளுங்க ஆபா. உங்களுக்குத்தான் கேக்கத் தெரியும்.”

ஷஹீன் பானு போனருகே குனிந்தாள். குரல் தழைந்தது.

“அம்மாடி... அவருக்கு இப்போ தேவலையா?”

“கண்ணு முழிச்சிட்டாருங்க. ஆனா இன்னும் டிரிப்ஸ் ஏறுது...”

“அல்லா காப்பாத்துவான். அழாத. பிரியாணி கூட கத்திரிக்காய் குடுத்தாங்களே... அது புளிச்சிருந்துச்சா?”

“கத்திரிக்காயா?” நந்தினி குழம்பினாள். “கத்திரிக்காய் எதுவும் தரலியே. தயிர் வெங்காயமும் ஒரு முட்டையும்தான் வச்சாங்க. பெரிய நீட்டு அரிசி...”

சந்து முழுக்க அது காதில் விழுந்தது.

அடுத்த கணம் வெடித்தது.

“கத்திரிக்காய் இல்லாம பிரியாணியா?”

“நம்மூர்லயா?”

“நீட்டரிசியாம்! சீரக சம்பா இல்லாம எவன்டா அது?”

அமிர்தவள்ளி கையில் இருந்த பூட்டு மெல்லக் கீழே இறங்கியது. வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தாலும், இந்த ஊரில் கத்திரிக்காய் இல்லாத பிரியாணித் தட்டை அவரும் பார்த்ததில்லை.

“நீங்க சாப்ட்ட எடம் எப்படிம்மா இருந்துச்சு?” மெர்சி கேட்டாள்.

“ஏசி ஹாலுங்க. ஹைவே மேலயே. பெரிய கார் பார்க்கிங். வாசல்ல வேற ஏதோ பேர் இருந்துச்சு. ஆனா மேப் அங்கதான் கொண்டு போய் நிறுத்திச்சு. கேட்டதுக்கு ‘ஆமா, ஷஹீன் பிரியாணி இங்கதான்’னு சொன்னாங்க...”



மெர்சி தன் செல்போனைத் திறந்தாள். ஷஹீன் பிரியாணி என்று தட்டினாள்.

வந்தது. அதே பெயர். ஜனங்கள் வாயாரப் பாராட்டி எழுதிய அதே விமர்சனங்கள். பிரியாணி வேகும் பெரிய தேக்சா பக்கத்தில் ஷஹீன் பானு சிரித்தபடி நிற்கும் அதே போட்டோ.

ஆனால் போன் நம்பர் வேறு!

சிவப்புப் புள்ளி... பஜாரில் இல்லை. ஊருக்கு வெளியே, ஹைவே மேல் இருந்தது. ‘ஹைவே மஹால்’ என்ற ஓட்டலின் தலையில்!

மெர்சி உள்ளே நுழைந்து திருத்தப் பார்த்தாள். திருத்த முடியவில்லை. அவளையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

“ஆபா...” அவள் போனை நீட்டிக் காட்டினாள். “உங்க கடையைக் கடத்திட்டாங்க!”

“இன்னாம்மா சொல்ற? கடை இங்கதானே நிக்குது!”

“கல்லும் மண்ணும்தான் இங்க நிக்குது. உங்க பேரு, உங்க போட்டோ, வர்ற வண்டி... எல்லாம் அங்க போய்ட்டு இருக்குது.”

அமிர்தவள்ளி நெற்றியைச் சுருக்கினார். “அது எப்படி முடியும்?”

“கடை என்னுதுன்னு மேப்ல யார் வேணா கேக்கலாம் மேடம். சொந்தக்காரருக்கு ஒரு மெசேஜ் வரும். ஆபா... அந்த மாதிரி வந்துச்சா?”

“ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு. லாட்டரி பேஜார்னு நெனச்சு அழிச்சிட்டேன்.”

“சரி. பதில் இல்லன்னா, கேட்டவன்கிட்டயே ‘உன் கடைதான்னு வீடியோ எடுத்துக் காட்டு’ன்னு மேப் சொல்லும். தெரு தெரியணும். போர்டு தெரியணும். சாவி போட்டு ஷட்டரைத் தொறந்து, அடுப்பு வரைக்கும் போகணும். எல்லாம் ஒரே வீடியோவுல. திருடன் அதை எடுக்கணும்னா...”

“இங்க வந்தாகணும்!” என்றார் அமிர்தவள்ளி.

“ஆபா, உங்க சாவியை யார்கிட்டயாச்சும் குடுத்தீங்களா?”

ஷஹீன் பானு கடைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“யா அல்லா... அந்தப் பையன்! ஷோயப்! பிரியாணியை வீடியோ எடுத்துப் போடறவன்னு சொன்னான். சலாம் சொன்னான், காலைத் தொட்டான். மெஹ்மான் ஆச்சே... மெஹ்மான் கையால கடை தொறந்தா பரக்கத்து, வியாபாரம் பெருகும்னு நான்தான் சாவியைக் குடுத்தேன். அடுப்பு வரைக்கும் நானே கூட்டிட்டுப் போனேன். ஊட்டி விட்டேன் மெர்சி... என் கையால ஊட்டி விட்டேன்!”

விருந்தாளிக்குச் சாவி கொடுக்கிற மனசு. அதைத்தான் ஒருத்தன் கள்ளச்சாவியாக்கியிருக்கிறான்!

“அழாதீங்க ஆபா. அழற நேரம் இல்ல.” மெர்சி, அமிர்தவள்ளி பக்கம் திரும்பினாள். “இப்போ இன்னா சொல்றீங்க மேடம்?”

“எனக்குப் புரியுது. ஆனா லைசென்ஸ்ல ஷஹீன் பிரியாணிங்கறது இந்தம்மா பேர்லதான் இருக்கு. நான் அங்க போய் நின்னா அவன் இன்னா சொல்லுவான்? ‘அப்படி யாரும் இங்க சாப்டல, மேப்ல எவனோ தப்பா போட்ருக்கான்’னு கையை விரிப்பான். பொழுது சாயறதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும். இல்லன்னா சீல் இங்கதான்.”

“அவன் வாயாலயே ‘ஷஹீன் பிரியாணி என்னுது’ன்னு சொன்னா?”

“சொல்லுவானா?”

மெர்சி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பல் தெரியவில்லை. கத்தி தெரிந்தது!

மேப்பில் இருந்த அந்தப் புது நம்பரை அழுத்தினாள்.

“ஹலோ... ஷஹீன் பிரியாணிங்களா?”

“ஆமாங்க, சொல்லுங்க!” தேன் வழிந்தது ஒரு ஆண் குரலில்.

“ஷூ கம்பெனி கேன்டீன் விஷயமா பேசறேன் சார். தினம் பிரியாணி வேணும். ஆனா ஓனரைத்தான் நேர்ல பாப்போம். மேனேஜர்லாம் வேணாம்.”

“நான்தாங்க ஓனர்! புகழேந்தி! உடனே வாங்க!”

போனை வைத்தாள்.

அமிர்தவள்ளி விறைப்பாக நின்றார். “நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“நீங்க பேசவே வேணாம் மேடம். அடையாள அட்டையைக் கழட்டிப் பையில போடுங்க. பக்கத்துல உக்காருங்க. மிச்சத்தை அவன் பேசுவான்.”

“நானும் வர்றேன்.” ஷஹீன் பானு எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். கறுப்புப் புர்காவை எடுத்துப் போட்டு, முகத்திரையை இழுத்துவிட்டாள். கண்கள் மட்டும் மிச்சம். அவை கொதித்தன.

“ஆபா, அங்க வந்து கத்தக் கூடாது.”

“கத்த மாட்டேன். பாக்கணும். என் பேரைத் திருடினவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கணும்!”

ஹைவே மஹால்.

ஏசி ஹாலில் மேஜைகள் நிரம்பியிருந்தன. சென்னை வண்டி, பெங்களூர் வண்டி. குழந்தைகள், பெரியவர்கள். சாப்பாடு இன்னும் வரவில்லை. எல்லோரும் ஷஹீன் பிரியாணிக்காகக் காத்திருந்தார்கள்.

புகழேந்தி எழுந்து வந்து கும்பிட்டார். வெள்ளைச் சட்டை. விரல் விரலாக மோதிரம்.

“வாங்க மேடம், வாங்க! பர்தா போட்ட அம்மா யாரு?”

“ருசி பாக்க வந்தவங்க” என்றாள் மெர்சி.

“பேஷ்! டேய், ஜூஸ் கொண்டா!”

ட்ரேயோடு ஒருவன் வந்தான். சின்ன வயசு, வெட்டி விட்ட தாடி. மேஜைக்குக் கீழே ஷஹீன் பானுவின் விரல்கள் மெர்சியின் தொடையை நறுக்கென்று கிள்ளின.

ஷோயப்!

மெர்சி கண் இமைக்கவில்லை.

“சார், வாசல்ல ஹைவே மஹால்னு இருக்குது. மேப்ல ஷஹீன் பிரியாணின்னு இருக்குது. எங்க கம்பெனியில கேப்பாங்களே... ரெண்டும் ஒண்ணுதானா?”

“ஒண்ணேதான்! மேப்ல பாருங்க, என் நம்பர். என் மெயில். நான்தான் அதுக்கு ஓனர்னு மேப்பே ஒத்துக்கிச்சு!”

“அப்போ போட்டோல இருக்கற அந்தம்மா?”

புகழேந்தி ஒரு பெருமூச்சு விட்டார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்!

“ஷஹீனம்மா... எனக்குத் தாய் மாதிரி. மவுத்தாயிட்டாங்க. கண்ணை மூடறதுக்கு முன்னால என் கையைப் புடிச்சி ‘புகழு, கடையை நீ பாத்துக்கோ’ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க.”

முகத்திரைக்குள்ளிருந்து ‘ஹுக்’ என்று ஒரு சத்தம்.

“பாவம், அம்மாவுக்கே அழுகை வந்துடுச்சு!” என்றார் புகழேந்தி.

இதுவரை வாய் திறக்காத அமிர்தவள்ளி மெதுவாகக் கேட்டார். “சாப்ட்டு யாருக்காவது ஒத்துக்கலைன்னா... யார் பொறுப்பு?”

“முழுப் பொறுப்பும் நான்தான் மேடம்!” மார்பைத் தட்டினார் புகழேந்தி. ஹாலே கேட்கும்படி தட்டினார். “ஷஹீன் பிரியாணின்னா நான்! நான்னா ஷஹீன் பிரியாணி!”

“ரொம்ப நல்லது.”

அமிர்தவள்ளி பையைத் திறந்தார். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினார். பூட்டையும் அரக்கையும் மேஜைமேல் வைத்தார்.

“உணவுப் பாதுகாப்புத் துறை. நேத்து ஷஹீன் பிரியாணி சாப்ட்டவர் ஐசியூல இருக்காரு. ஓனரைத் தேடிட்டு இருந்தேன். நீங்களே கெடச்சிட்டீங்க. சமையல்கட்டு எந்தப் பக்கம்?”

புகழேந்தியின் முகம் ரத்தம் இறங்கிச் சட்டையின் நிறத்துக்கு வந்தது. இரண்டும் ஒரே வெள்ளை!

“மேடம்... மேடம்! அது என் கடை இல்ல!”

“இப்போதானே மார்ல தட்டினீங்க?”

“சும்மா சொன்னேன்! அது பஜார்ல இருக்கற ஷஹீன் பானுவோட கடை! வேணும்னா அங்க போய்ப் புடிங்க! வியாபாரத்துக்காக... பேரை மட்டும்... தோ, இவன்தான் வீடியோ எடுத்தான்!”

ஷோயப் கையிலிருந்த ட்ரே தரையில் விழுந்து சிதறியது.

“பானு அங்க எப்படி சார் இருப்பாங்க?” மெர்சி அப்பாவியாகக் கேட்டாள். “அவங்கதான் மவுத்தாயிட்டாங்களே. உங்க கையை வேற புடிச்சாங்க!”

நாற்காலி நகர்ந்தது.

கறுப்புத் திரை மேலே எழுந்தது.

போட்டோவில் சிரித்த அதே முகம். இப்போது சிரிக்கவில்லை.

“இன்னா புகழு... சௌக்கியமா?”

புகழேந்தி பின்னால் சாய, நாற்காலி அவரோடு கவிழ்ந்தது!

சமையல்கட்டுக்குள் போன அமிர்தவள்ளி, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். “ஃப்ரீசர்ல இருக்கற கறிக்கு என் சர்வீசைவிட வயசு ஜாஸ்தி” என்றபடி கதவை இழுத்துச் சாத்தி, பூட்டை மாட்டினார். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது.

சாம்பிள் ஜாடிகளில் ஏறியது. போலீஸ் வண்டிக்குப் போன் போனது. ஷோயப் கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டிருந்தான். அவன் வாக்குமூலத்தோடு மேப்புக்குப் புகார் எழுத மெர்சி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஹாலில் இருந்தவர்களுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. பசியோடு எழுந்து நின்றார்கள். ஒரு குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிணுங்கியது.

“அப்போ... நாங்க எங்கதாங்க சாப்புடறது?” என்றார் ஒரு பெங்களூர்க்காரர்.

ஷஹீன் பானு அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

“வண்டியை எடுத்துட்டு என் பின்னாலயே வாங்க கண்ணுங்களா! இன்னிக்கு, செத்தவ கையால சாப்ட்டாத்தான் நீங்க உசுரோட ஊர் போய்ச் சேருவீங்க!”